திருவிழா மைக் செட்டிலிருந்து கிட்டார் ஆம்ப்: பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் போனால், தேக்குத் தூணும் எனாமல் வாளியும் அடுக்கியிருக்கிற இடத்தைத் தாண்டி, உள்ளே இருட்டில் ஏதாவது ஒரு இரும்புப் பெட்டி தூசி படிந்து கிடக்கும். முகப்பில் நாலைந்து திருகு, மைக், கிராமஃபோன் என்று தேய்ந்துபோன எழுத்து, பின்னால் சல்லடைத் தகட்டுக்குள் கண்ணாடி வால்வுகள். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் பங்குனித் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட மைக் செட் ஆம்ப்ளிஃபையர் அது. இப்போது வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வரவேற்பறையில் அழகுக்கு வைக்கத்தான் வாங்குகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் ஒரு நல்ல கிட்டார் ஆம்ப் இருக்கிறது.

ஆசைக்காகச் சொல்லவில்லை. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் செய்த முதல் ஆம்ப், அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் மின்சுற்றை ஒட்டித்தான் செய்யப்பட்டது. சில வருடங்களில் மார்ஷல் ஈஎல்34 வால்வுக்கு மாறியது. அதே ஈஎல்34 ஜோடியை நம் ஊர் மைக் செட்டுகளிலும் பார்க்கலாம், சிலவற்றில் 6எல்6 இருக்கும். முன்னால் நிற்கிற சின்ன வால்வு ஈசிசி83, அதற்கே அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. கிட்டார் ஆம்புகளில் அதிகம் புழங்குகிற வால்வும் அதுதான். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகள் உள்ளே இருந்தால் கழற்றித் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். துடைக்கும்போது மேலே உள்ள எழுத்தை மட்டும் தொடாதீர்கள், விரல் பட்டாலே அழிந்துவிடும்.

என் கைக்கு முதலில் வந்த பெட்டி கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் இரண்டாங்கட்டு அறைக்குள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கொடுத்த ஆச்சி, "கரண்டைக் கொடுத்தா இன்னும் பாடும்ப்பா" என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகினேன். பாடியது, சத்தியமாக நாலு நிமிடம் பாடியது. அப்புறம் ஒரு வால்வின் உள்தகடு செக்கச்செவேல் என்று சிவந்தது, நான் அதை வால்வுக்கே உரிய வெளிச்சம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன், தார் உருகுகிற வாடை வந்தபோது, வால்வுகளின் ஒலியை ஸ்பீக்கருக்குக் கடத்துகிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. கசிந்தது ஒரு சின்னக் கண்டன்சர். போனது அந்தப் பெட்டியின் குரலே. அதனால் இந்த வழிகாட்டியில் நான் விடாமல் சொல்லப்போவது ஒன்றுதான்: கரண்ட் கொடுப்பது கடைசி வேலை.

உயிர்ப் பயம் வேண்டும்

முதலில் இதைப் படித்துவிடுங்கள். இந்தப் பெட்டிக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை டிசி ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் (கரண்டைத் தேக்கிச் சீராக்குகிற பெரிய உருளைகள்) அது தங்கியிருக்கும். 400 வோல்ட்டில் நிறைந்த 50 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் 4 ஜூல் ஆற்றலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அது உங்கள் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் வழியில் இருப்பது நெஞ்சு. ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டிப் பொறி பறக்க இறக்குகிற பழக்கம் சில கடைகளில் உண்டு, அதைச் செய்யாதீர்கள். 10 கிலோ ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் வயரும் முதலைக் கிளிப்பும் வைத்து நன்றாக இன்சுலேஷன் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பைச் சேசிஸில், அதாவது பெட்டியின் உலோகச் சட்டத்தில், மாட்டி, இன்னொன்றை ஒவ்வொரு கண்டன்சரின் பிளஸ் முனையிலும் பத்து விநாடி பிடித்து, அப்புறம் மல்டிமீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் இடது கை பாக்கெட்டுக்குள் போய்விட வேண்டும். மீட்டர் 1000 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும், வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். மெயின்ஸ் வேலையில் பழக்கமே இல்லாதவர் என்றால் கழுவுவது, துடைப்பது, படம் வரைவது வரை நீங்கள் செய்து, மற்றதற்குப் பழைய ரேடியோ மெக்கானிக் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

திறப்பது, படம் எடுப்பது, சுத்தம் செய்வது

வால்வுகளை எந்தச் சாக்கெட்டில் எது இருந்தது என்று எழுதிவைத்துவிட்டு நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள், கண்ணாடியைப் பிடிக்காமல் அடியைப் பிடித்து. அடித்தட்டைத் திறந்ததும் எதையும் தொடாமல் நாலு கோணத்தில் ஃபோட்டோ எடுங்கள். அப்புறம் உட்கார்ந்து சுற்றை வரையுங்கள். பழைய மைக் செட்டுகளுக்குச் சுற்றுப்படம் கிடைப்பது அரிது, இருந்தாலும் ஊர் மெக்கானிக்குகள் வழியில் மாற்றியிருப்பார்கள், ஆகவே நீங்கள் வரைவதுதான் நம்பிக்கையான படம். எனக்கு இதற்கு இரண்டு மாலைப் பொழுது ஆகும், அந்த இரண்டு மாலையில் பெட்டி எனக்குப் பழகிவிடும்.

பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீட்டிலிருந்து வருகிற பெட்டியில் நீங்கள் பார்க்கப்போவது: டிரான்ஸ்ஃபார்மருக்கும் தகட்டுக்கும் நடுவே குளவி கட்டிய மண்கூடு, பல்லி முட்டை, எலி கடித்த துணிச்சுற்று வயர், மரப்பெட்டியாக இருந்தால் அடியில் கரையான். குளவிக்கூட்டைத் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கக் கூடாது, மண் ஈரம் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் இறங்கும். மூங்கில் குச்சியால் உதிர்த்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஊதி எடுங்கள். வால்வு சாக்கெட்டுகளுக்கும் திருகுகளுக்கும் எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் போதும், துரு போக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்காதீர்கள், அதில் தூசி ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாளில் மறுபடி கொறகொறக்கும். சாக்கெட் பற்கள் தளர்ந்திருந்தால் மெல்லிய ஊசியால் லேசாக நெருக்கிவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்கள்: இங்கேதான் முடிவு

பெட்டி தேறுமா தேறாதா என்பதை டிரான்ஸ்ஃபார்மர்கள்தான் சொல்லும். மற்ற எல்லாவற்றையும் வாங்கலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரியும் (வால்வுப் பக்கச் சுற்று) செகண்டரியும் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) அடுக்கு அடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றப்பட்டிருக்கும், அந்த அடுக்குதான் ஒலியின் குணத்தைத் தீர்மானிக்கிறது, பம்ப்செட் மோட்டார் சுற்றுகிற கடையில் கொடுத்தால் சுற்றித் தருவார்கள், ஆனால் பழைய குரல் வராது.

வால்வு எல்லாம் வெளியே இருக்கும்போது ஓம் மீட்டரை வைத்துப் பாருங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையிலிருந்து வால்வுத் தகட்டோடு சேர்கிற இரண்டு பிளேட் முனைகளுக்கும் சில பத்து ஓம் முதல் நூற்றுச் சொச்சம் வரை காட்டும், இரண்டும் சரிசமமாக இருக்காது, கொஞ்சம் வித்தியாசம் சகஜம். ஒரு பக்கம் முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் சேசிஸுக்கும் நடுவே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துக் கசிகிறதா என்று பாருங்கள், எர்த்தோடு சேர்த்திருக்கிற முனையை முதலில் கழற்றிவிட்டு. தெரிந்த எலக்ட்ரீஷியன் யாரிடமாவது மெகர் இருக்கும், ஒரு மணி நேரம் கடன் கேட்டால் தருவார். மழைக்காலத்தில் வந்த பெட்டி என்றால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலடிக்கிற அறையில் வைத்துவிட்டு அளப்பது நல்லது. சித்திரை வெயிலில் நம் ஊர் மொட்டை மாடி அறையே போதும்.

மெயின்ஸ் வயரிங்

பழைய இரண்டு கோர் வயரை யோசிக்காமல் வெட்டிப் போடுங்கள். மூன்று கோர் வயர் போட்டு, பச்சை எர்த் வயரை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் அதற்கென்றே ஒரு போல்ட்டில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். வேறு எதையும் அந்தப் போல்ட்டில் கட்ட வேண்டாம். ஃபேஸ் வயர் முதலில் ஃபியூஸுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு. மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டன்சர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது கசிந்தால் கிட்டார் கம்பியில் ஷாக் அடிக்கும், உதடு மைக்கில் பட்டால் இன்னும் மோசம்.

ஃபியூஸ் கூட்டைத் திறந்தால் பெரும்பாலும் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். இரண்டு ஈஎல்34 உள்ள 30 வாட்ஸ் பெட்டிக்கு 1 ஆம்பியர் ஸ்லோ புளோ ஃபியூஸ் போதும். டிரான்ஸ்ஃபார்மரில் 220, 240 என்று இரண்டு முனை இருந்தால் 240-இல் வையுங்கள், நம் ஊரில் ராத்திரியில் வோல்டேஜ் ஏறுவது எல்லோருக்கும் தெரியும், அந்த ஏற்றம் வால்வு இழைகளைத்தான் முதலில் தாக்கும்.

பழைய வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. மரச்சட்டத்துக்குள் வயர் ஓடுகிற வீடுகளில் மூணு ஓட்டை பிளக்பாயிண்ட் இருக்கும், எர்த் இருக்காது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் என்று மீட்டரில் பாருங்கள், கூடவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்டன்சர்கள்

இதுதான் வேலையின் பெரும்பகுதி. இரண்டு வகையைத் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய அலுமினிய உருளைகள் எலக்ட்ரோலிட்டிக். அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிற்கிறது, கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தப் படலம் கரைந்து பலவீனமாகும், உள்ளே உள்ள ஈரமும் காய்ந்துவிடும். (1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த செக்ரி, மின்வேதியியலுக்கென்றே ஒரு ஆய்வகம், இருக்கிற காரைக்குடியில் இதைச் சொல்லும்போது எனக்குத் தனி சந்தோஷம்.) வோல்டேஜை மெதுவாக ஏற்றிப் படலத்தை மறுபடி வளர்க்கலாம் என்பார்கள், கொஞ்ச நாள் ஓடவும் செய்யும், ஆனால் ஐம்பது வயதான எலக்ட்ரோலிட்டிக்கை நம்பி ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை. எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய உருளையை இருந்த இடத்திலேயே அழகுக்கு விட்டுவிட்டு, இணைப்பை மட்டும் எடுத்து, புதியதைச் சேசிஸுக்கு அடியில் பொருத்தலாம்.

அளவை எப்படி முடிவு செய்வது? மதிப்பு பழையதை ஒட்டியே இருக்கட்டும், 32 இருந்த இடத்தில் 33 அல்லது 47 மைக்ரோ ஃபாரட் போடலாம், அதற்கு மேல் போகாதீர்கள். ஏசியை டிசியாக்குகிற ரெக்டிஃபையர் வால்வுக்கு அடுத்து வருகிற முதல் கண்டன்சருக்கு உச்ச வரம்பு உண்டு, ஜிஇசட்34 வால்வுக்கு 60 மைக்ரோ ஃபாரட், 5யு4ஜிபி-க்கு 40. வோல்டேஜில் மட்டும் தாராளமாக இருங்கள். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி 350-0-350 என்றால் உச்சம் 495 வோல்ட், பவர் வால்வுகள் (ஈஎல்34 போன்ற பெரியவை) சூடாகிக் கரண்ட் இழுக்கும் வரை கண்டன்சர் அந்த முழு வோல்டேஜையும் தாங்க வேண்டும், 450 என்று எழுதியதைப் போட்டால் ஒரு நாள் வெடிக்கும். 100 மைக்ரோ ஃபாரட் 350 வோல்ட் இரண்டைத் தொடராகப் போட்டால் 50 மைக்ரோ ஃபாரட், 700 வோல்ட். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள், வோல்டேஜ் சரிபாதியாகப் பிரியும், அணைத்த பிறகு மிச்சத்தையும் இறக்கிவிடும். இந்த மாதிரிச் சாமான் காரைக்குடியில் தேடுவதை விடச் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்குவது சுலபம்.

இரண்டாவது வகை, மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்கள். என் முதல் பெட்டியைக் கொன்றது இதில் ஒன்று. முன் வால்வின் பிளேட்டிலிருந்து பவர் வால்வின் கிரிட்டுக்கு (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்துகிற வலை) ஒலியை மட்டும் கடத்தி டிசியைத் தடுப்பது இதன் வேலை. காகிதம் ஈரம் இழுத்துக் கசிந்தால் கிரிட்டில் பிளஸ் வோல்டேஜ் ஏறும், வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுக்கும், தகடு சிவக்கும், அடுத்து டிரான்ஸ்ஃபார்மர். மீட்டரில் மதிப்பு சரியாகக் காட்டினாலும் 300 வோல்ட்டில் கசியலாம், அதனால் அளந்து பார்த்து விட்டுவைக்காதீர்கள். 630 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கண்டன்சர்கள் மலிவாகக் கிடைக்கும், அதே மதிப்பில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், மொத்தமாகக் கழற்றிவிட்டுத் தேடினால் தவறு வரும். மைக்கா, செராமிக் கண்டன்சர்களை விட்டுவிடலாம்.

ரெசிஸ்டர்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் காலப்போக்கில் மேலே ஏறும், 100 கிலோ ஓம் 130 காட்டும். 20 சதவீதத்துக்கு மேல் ஏறியதை மாற்றுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். ஈஎல்34-இன் 4-ஆம் காலில், அதாவது ஸ்கிரீன் என்கிற இரண்டாவது கிரிட்டில், ரெசிஸ்டர் இல்லையென்றால் 1 கிலோ ஓம் 5 வாட்ஸ் ஒவ்வொன்றுக்கும் சேருங்கள், கிட்டாரை உரக்க வாசிக்கும்போது வால்வைக் காப்பாற்றும்.

இப்போதுதான் கரண்ட்

சீரிஸ் பல்பு இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. ஃபேஸ் வயருக்கு நடுவே ஒரு ஹோல்டர், அதில் 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பு, எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பிக்கும்.

முதலில் ஒரு வால்வும் இல்லாமல் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னிவிட்டு மங்கிவிட வேண்டும். வால்வு இழை வோல்டேஜ் 6.3-ஐ விடக் கொஞ்சம் அதிகமாகக் காட்டும், சுமை இல்லாததால் அப்படித்தான். ஒரு மணி நேரம் விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பாருங்கள், அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். வெதுவெதுப்பு சரி, சுட்டால் உள்ளே கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகியிருக்கின்றன.

அடுத்த கட்டத்துக்கு முன்னால் அவுட்புட்டில் சுமை கட்ட வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனையே துளைத்துவிடும். 8 ஓம் முனையில் 8 ஓம் 50 வாட்ஸ் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் கட்டுங்கள். மைக் செட்டில் 100 வோல்ட் லைன் என்று தனி முனை இருக்கும், அது தூரத்தில் கட்டுகிற குழாய்களுக்கானது. 30 வாட்ஸில் அந்த முனை எதிர்பார்ப்பது 333 ஓம், அங்கே 8 ஓம் ஸ்பீக்கரைக் கட்டுவது ஷார்ட் செய்வதற்குச் சமம். டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

இப்போது ரெக்டிஃபையரும் சின்ன வால்வுகளும் மட்டும் போட்டு, பவர் வால்வு சாக்கெட்டில் 5-ஆம் காலை, அதாவது கிரிட்டை, அளக்க வேண்டும். கேத்தோடு (8-ஆம் கால்) ரெசிஸ்டர் உள்ள பெட்டியில் அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். தனி பயாஸ் (கிரிட்டுக்கு மைனஸ் வோல்டேஜ் கொடுக்கிற ஏற்பாடு) உள்ள பெட்டியில் ஈஎல்34-க்கு மைனஸ் முப்பது, நாற்பது என்று இருக்கும், பல்பு இருக்கிற வரை கொஞ்சம் குறைவாகக் காட்டலாம். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ் ஒரு வோல்ட் காட்டினாலும், மைனஸ் வரவேண்டிய இடத்தில் வராவிட்டாலும் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். நான் அன்றைக்கு இந்த ஒரு அளவை எடுத்திருந்தால் போதும்.

சரியாக இருந்தால் அணைத்து, கண்டன்சர்களில் உள்ள வோல்டேஜை இறக்கி, பவர் வால்வுகளைப் போடுங்கள். வால்வின் உள்பக்கம் வெள்ளிப் பூச்சு தெரிய வேண்டும், அது பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். பல்போடு ஐந்து நிமிடம் ஓட்டி, தகடு சிவக்கவில்லை என்றால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள். விளக்கை அணைத்து இருட்டில் பார்த்தால் சிவப்பு சீக்கிரம் தெரியும்: இழையின் ஆரஞ்சு நிறம் நடுவில் இருக்கும், வெளித்தகடு சாம்பல் நிறமாகவே இருக்க வேண்டும்.

பயாஸ் கணக்கு எளிது. ஈஎல்34-இன் தகடு தாங்குவது 25 வாட்ஸ், அதில் 70 சதவீதம் 17.5. தகட்டில் 400 வோல்ட் என்றால் 17.5-ஐ 400-ஆல் வகுத்தால் சுமார் 43 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டாமல் வையுங்கள். தனி பயாஸ் பெட்டியில் 8-ஆம் காலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஒரு மில்லி வோல்ட் ஒரு மில்லி ஆம்பியர் என்று நேரடியாகப் படித்துவிடலாம். கேத்தோடு ரெசிஸ்டர் உள்ளதில் அதன் மேல் உள்ள வோல்டேஜை ஓமால் வகுத்து, இரண்டு வால்வுக்கும் பொதுவானது என்றால் பாதியாக்குங்கள்.

கிட்டாருக்கு ஏற்றபடி

நல்ல செய்தி என்னவென்றால் கிரிஸ்டல் மைக்குக்கு வைத்த இன்புட் பெரும்பாலும் கிட்டாருக்கு அப்படியே பொருந்தும். கிட்டார் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் இன்புட் வேண்டும், சாக்கெட்டிலிருந்து கிரிட்டுக்குப் போகும் வழியில் 68 கிலோ ஓம் ஒன்று, அவ்வளவுதான். கால் இஞ்சு ஜாக்குக்காக முகப்புத் தகட்டில் புது ஓட்டை போட வேண்டாம், பழைய மைக் சாக்கெட் இருந்த ஓட்டையையே பயன்படுத்துங்கள். கூம்புக் குழாய் கிட்டாருக்கு ஆகாது, கீழ் சுரமே வராது. ஆம்பை விட வாட்ஸ் அதிகமான 12 இஞ்சு கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றைப் பலகைப் பெட்டியில் அடையுங்கள்.

ஊம் என்ற இரைச்சல் வந்தால் அதன் சுருதியைக் கேளுங்கள். தடித்த 50 ஹெர்ட்ஸ் என்றால் வால்வு இழை வயரிங் அல்லது எர்த். ஒரு ஆக்டேவ் மேலே, 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கண்டன்சர். இழைச் சுற்றுக்கு நடு முனை இல்லாவிட்டால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களை இரு முனையிலிருந்தும் எர்த்துக்குப் போட்டால் இரைச்சல் பெரிதும் அடங்கும். வால்யூமைக் கூட்டியதும் ஊளையிட்டால், அதுவும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக் கட்டிய பிறகு ஊளையிட்டால், இரண்டு பிளேட் வயர்களும் இடம் மாறியிருக்கும்.

நான் இப்படி மீட்டெடுத்த ஒரு பெட்டியில் என் அக்கா மகன் முதல் முறை கிட்டாரைச் சொருகியபோது டோன் திருகு பாதிதான் வேலை செய்தது, அவன் அதைக் கவனிக்கவே இல்லை, ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

மூடுவதற்கு முன்னால் இரண்டு வேலை. நீங்கள் அளந்த வோல்டேஜ்களையும் வரைந்த சுற்றையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி மேல்மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். கழற்றிய பழைய கண்டன்சர்களையும் ரெசிஸ்டர்களையும் ஒரு உறையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தவை என்று எழுதி, சூடு படாத மூலையில், மரப்பெட்டியின் அடியில் கட்டிவிடுங்கள். இருபது வருடம் கழித்து இதைத் திறக்கிற யாரோ ஒருவருக்கு அது வேண்டியிருக்கும்.